பூட்டும் சாவியும் ஒரே ஃபோல்டரில்

எங்கள் அலுவலகத்தில் ஒரே ஒரு சர்வர்தான். அதில் கேவிஎம் என்ற லினக்ஸ் வசதியில் ஓடும் மூன்று விர்ச்சுவல் மெஷின்கள், அதாவது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகள். சம்பளக் கணக்கு இருக்கும் மெஷினின் டிஸ்க்கை, லினக்ஸின் டிஸ்க் பூட்டான லக்ஸ் மூலம் என்கிரிப்ட் செய்திருந்தேன். கரண்ட் போய் வரும்போதெல்லாம் யாராவது பாஸ்வேர்ட் அடிக்க வேண்டும். அந்த யாரோ எப்போதும் நான்தான், பெரும்பாலும் ராத்திரி பதினொரு மணிக்கு. அதனால் மெஷினுக்கு ஒரு விர்ச்சுவல் டிபிஎம் கொடுத்து (டிபிஎம் என்பது சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு சிப்), சிஸ்டம்டி-கிரிப்ட்என்ரோல் என்ற கருவி வழியாக டிஸ்க் சாவியை அதிலுள்ள பிசிஆர் 7 என்ற பதிவேட்டுடன், அதாவது நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆகவிடும் செக்யூர் பூட்டின் நிலையோடு, பிணைத்துவிட்டேன். அப்புறம் தானாகவே பூட் ஆனது. நிம்மதி.

ஆறு மாதம் கழித்து, பேக்கப் உருப்படியாக இருக்கிறதா என்று பார்க்க, எல்லாவற்றையும் வீட்டில் கிடந்த பழைய டெஸ்க்டாப்பில் ஏற்றினேன். பாஸ்வேர்ட் கேட்கும் என்று உட்கார்ந்திருந்தால், நேராக லாகின் திரை வந்து நிற்கிறது! பேக்கப் வேலை செய்கிறது என்று சந்தோஷப்படக்கூட முடியவில்லை.

யோசித்தால் புரிந்தது. விர்ச்சுவல் மெஷின் கண்ணுக்குத் தெரியும் டிபிஎம் ஒரு சிப்பே இல்லை. ஹோஸ்ட்டில், அதாவது நிஜ சர்வரில், ஓடும் எஸ்டபிள்யூடிபிஎம் என்ற மென்பொருள். அது காக்கும் ரகசியம் முழுவதும் விர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் லிப்வர்ட்டின் ஃபோல்டருக்குள் ஒரு சின்னக் கோப்பு. டிஸ்க் இமேஜும் செக்யூர் பூட் விவரமும் அதே ஃபோல்டரில்தான். நான் பேக்கப் எடுத்ததோ ஃபோல்டரோடு சேர்த்து. டிஸ்க்கைத் திருடுபவனுக்குச் சாவியையும் பொட்டலம் கட்டிக் கொடுத்த மாதிரி.

நல்லவேளை, ஹோஸ்ட்டின் மதர்போர்டில் நிஜமான டிபிஎம் 2.0 சிப் சும்மா கிடந்தது. ஒரு சீக்ரெட் கொடுத்தால் அந்தக் கோப்பையே லிப்வர்ட் என்கிரிப்ட் செய்யும். ஆனால் அந்த சீக்ரெட்டை அப்படியே சேமித்தால் அதுவும் யாரும் மாற்றிப் படித்துவிடக்கூடிய பேஸ்64 வடிவில் டிஸ்க்கில் போய் உட்காரும்; பழைய கதைதான். அதனால் மெமரியில் மட்டும் இருக்கும்படி வைத்து, மதிப்பை சிஸ்டம்டி-கிரெட்ஸ் என்ற கருவி மூலம், அந்த நிஜ சிப் இல்லாமல் திறக்காதபடி சீல் செய்தேன். ஹோஸ்ட் எழுந்ததும் ஒரு சின்ன சர்வீஸ் சீலை உடைத்து லிப்வர்ட்டிடம் கொடுக்கும். பழைய விர்ச்சுவல் டிபிஎம்மைத் தூக்கிப் போட்டுப் புதிதாக ஒன்று. வீட்டு டெஸ்க்டாப்பில் மறுபடி முயன்றேன். மெஷின் கிளம்பவே இல்லை. அப்பாடா.

அதிகப்பிரசங்கித்தனமாக ஒன்று செய்திருந்தேன். பிசிஆர் 7 போதாதென்று, மதர்போர்டின் ஃபர்ம்வேரைக் குறிக்கும் பிசிஆர் 0-வையும் சீலில் சேர்த்திருந்தேன். அடுத்த பயாஸ் (அந்த ஃபர்ம்வேர்தான்) அப்டேட்டில் 0-வின் மதிப்பு மாறியது, சிப் கையை விரித்தது. சீக்ரெட்டை வேறெங்கும் எழுதியும் வைக்கவில்லை. கைகொடுத்தது, முதல் நாளே அச்சடித்துப் பீரோவில் வைத்த லக்ஸ் ரெக்கவரி கீ. எட்டெட்டு எழுத்தாக எட்டுத் தொகுப்பு, மொத்தம் 64. காலியான விர்ச்சுவல் டிபிஎம்மோடு மெஷினை எழுப்பி, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அடித்தேன். இரண்டாவது முயற்சியில் திறந்தது.

இப்போது சீல் பிசிஆர் 7-உடன் மட்டும். பழைய பேக்கப் டிஸ்க்கில் பூட்டும் சாவியும் இன்னும் ஜோடியாக இருந்ததால், அதை முழுக்க அழித்தேன்.