டயட் கோலா: பயப்பட வேண்டியது எதற்கு?

2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டயட் கோலாவில் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பூட்டியான அஸ்பார்டேமை 2பி பிரிவில் (புற்றுநோய் உண்டாக்கக்கூடும், ஆனால் சான்று குறைவு) சேர்த்ததும் பலருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறிகளும் அதே பிரிவில்தான் இருக்கின்றன. அளவைக் கணக்கிடும் நிபுணர் குழு, கிலோ எடைக்குத் தினம் 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றவில்லை. கேனுக்கு 200-300 மி.கி. என்று வைத்தால், 70 கிலோ ஆள் அதைத் தாண்ட 9 முதல் 14 கேனுக்கு மேல் குடிக்க வேண்டும். அப்படிக் குடிப்பவர் முதலில் பல்லைப் பற்றிக் கவலைப்படட்டும்: பாஸ்பாரிக் அமிலம் டயட் கோலாவிலும் உண்டு, பல்லின் மேல் உறையான எனாமலை அரிக்கும். குடித்ததும் வாய் கொப்பளியுங்கள், உடனே பல் துலக்காதீர்கள்.

330 மி.லி. சாதாரண கோலாவில் சுமார் 35 கிராம் சர்க்கரை. அதற்குப் பதிலாக டயட் என்றால் லாபம்தான். 'டயட்தானே' என்று கூடவே இரண்டு பஜ்ஜி உள்ளே போனால் கணக்கு சரியாகிவிடும்!

லேபிளில் இனிப்பூட்டிகள் எண்ணாக இருக்கும்: 951 என்றால் அஸ்பார்டேம், 950 அசிசல்ஃபேம், 955 சுக்ரலோஸ். பீனைல்கீட்டோனூரியா (பீனைலலனைன் என்ற புரதக்கூறை உடலால் சிதைக்க முடியாத பிறவி நோய்) உள்ளவர்கள், அஸ்பார்டேமில் அது இருப்பதால், 951-ஐத் தொடவே கூடாது. 'சுகர் ஃப்ரீ' இனிப்புகளில் 965 இருந்தால் அது மால்டிடால். ரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றும், அதிகம் தின்றால் வயிறு கலக்கும். அஸ்பார்டேம் கொதியில் இனிப்பை இழக்கும், பாயசத்தை இறக்கியபின் போடுங்கள்.

இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டும்போது டயட் கோலா உதவாது. சாதாரண கோலா 150 மி.லி. கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி சோதியுங்கள்.