'பாடலாசிரியர்' என்றொரு கட்டம்

என் ஆல்பத்தில் மொத்தம் ஏழு பாட்டு. மூன்று முழுக்க நான் எழுதி மெட்டுப் போட்டவை. மற்ற நான்கும் அப்பத்தா நடவு வயலில் பாடியதைக் கேட்டு, அதன் மேல் நான் கட்டியவை. வேலை முடிய ஒன்பது மாதம் ஆனது. அதில் பாதி நாளைத் தின்றது, பாட்டை இணையத்தில் ஏற்றும் படிவத்தில் இருந்த ஒரே ஒரு கட்டம்: பாடலாசிரியர் பெயர். கம்பெனி எதுவும் இல்லாமல் சொந்தமாக நாட்டுப்புற ஆல்பம் போட நினைக்கிற தம்பி தங்கைகளுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒலிப்பதிவு. மதுரையில் ஏசி ஸ்டுடியோ ஒன்றை இரண்டு நாளைக்கு எடுத்திருந்தோம். பறைக்குச் சூடு வேண்டும். தீயில் காய்ச்சினால்தான் தோல் இறுகி கணீரென்று பேசும். வாசலில் ஓலையைக் கொளுத்திக் காய்ச்சிக்கொண்டு உள்ளே போனால், கால் மணி நேரத்தில் தோல் இறங்கிவிடும். மறுபடி வெளியே, மறுபடி தீ. நாலாவது தடவை ஸ்டுடியோக்காரர், "கம்ப்யூட்டர்லயே பறை சவுண்டு இருக்கு, போட்டுக்கலாம்" என்றார். பறை வாசிக்கும் அண்ணன் ஒன்றும் பேசாமல் குச்சிகளைத் துணியில் சுற்றினார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அதற்குச் சம்மதிக்க எனக்கு மனசே வரவில்லை.

ஊருக்குத் திரும்பி, காலியாகக் கிடந்த ஒரு நெல் குடோனைக் கேட்டு வாங்கினோம். எதிரொலி அடங்க சுவர் முழுக்கச் சாக்கும் ஜமுக்காளமும் தொங்கவிட்டோம். மைக்கைப் பறைக்குப் பக்கத்தில் வைத்தால், அடிக்கிற இரண்டு குச்சியில் மெல்லிசான சிண்டுக்குச்சியின் சுள்ளென்ற சத்தம் மட்டும்தான் விழுகிறது. ஆறடி தள்ளி வைத்த பிறகுதான் தடித்த அடிக்குச்சியின் கனம் சேர்ந்து வந்தது. வேகம் மாறாமல் வாசிக்க ஹெட்போனில் டிக் டிக்கென்று ஓடும் க்ளிக் தாளத்தையும் கழற்றிவிட்டோம். நடவுப் பாட்டு கடைசிச் சரணத்தில் தானாக வேகம் பிடிக்கும்; வரப்பு கண்ணுக்குத் தெரிந்ததும் கை ஓடுகிற வேகம் அது. க்ளிக்கோடு வாசித்தபோது அந்த ஓட்டம் செத்துப்போனது. பறையையும் உறுமியையும் குடோனில் எடுத்து, குரலை மட்டும் பிறகு ஸ்டுடியோவில் சேர்த்தோம்.

அப்புறம் அந்தக் கட்டத்துக்கு வந்தோம். அப்பத்தா பாட்டில் ஒரு வரி:

"வரப்போரம் வச்ச சோறு
வெயிலு தின்னு போச்சுதம்மா."

இது அப்பத்தாவே கட்டியது என்றுதான் இருபது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு சந்தேகத்தில் பக்கத்து ஊருக்குப் போய், நடவுக்குப் போன பாட்டிமார்களிடம் பாடிக் காட்டினேன். ஒரு பாட்டி உடனே, "வெயிலு இல்லடி, காக்கா தின்னு போச்சுதம்மா" என்றார். இன்னொருவர் எனக்குத் தெரியாத இரண்டு சரணங்களைத் தொடர்ந்து பாடினார். அந்தத் திண்ணையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இதற்குப் பக்கத்தில் என் பெயரை எப்படிப் போடுவது?

"ஏழுக்கும் உங்க பேரையே போடுங்க, யாரு வந்து கேக்கப்போறா" என்றார் பாட்டுகளை இணையத்தில் ஏற்றித்தரும் ஏஜெண்ட் ஒருவர். நான் வேறு ஆளைத் தேடினேன். விவரம் தெரிந்த ஒரு வக்கீல் அக்கா உட்காரவைத்துச் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டை எழுதி முடித்த உடனே உரிமை வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் நாளைக்கு வழக்கு என்று வந்தால் பதிவு நல்ல சாட்சி. சொல்லும் மெட்டும் சட்டத்தின் பார்வையில் தனித்தனிப் படைப்புகள், ஒவ்வொன்றுக்கும் 500 ரூபாய். ஒலிப்பதிவுக்கு 2,000. ஆன்லைனில் விண்ணப்பம் போட்டால் டைரி எண், அதாவது விண்ணப்பத்துக்கான அடையாள எண், கிடைக்கும். யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருந்த பிறகுதான் பரிசீலனை. என் மூன்று பாட்டுக்கும் ஆறு விண்ணப்பம், 3,000 ரூபாய் ஆனது.

மற்ற நான்கில் பழைய பகுதி யார் வேண்டுமானாலும் பாடக்கூடியது. நான் சேர்த்த வரிகளும் இசைக்கோர்வையும் மட்டுமே என்னுடையவை. ஒன்றைக் கவனியுங்கள்: பழைய பாட்டைப் பாடலாம், ஆனால் இன்னொருவர் பதிவு செய்த ஒலியை எடுத்துப் போட்டால் அது அவர் உரிமையில் கை வைப்பது.

இடையில் ஒரு நிறுவனம் மொத்தப் பணம் தருவதாக ஒப்பந்தம் நீட்டியது. ராயல்டியும் (பாட்டைப் பயன்படுத்துவதற்காக வரும் பங்குப் பணம்) சேர்த்து எல்லா உரிமையும் அவர்களுக்காம். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டி பங்கை அப்படி விட்டுக்கொடுக்கவே முடியாது. வாரிசுக்கோ, படைப்பாளிகளுக்காக ராயல்டி வசூலித்துக் கொடுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் எழுதிக்கொடுக்கலாம். இது தெரியாமல் கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனையோ பேர். வாசித்தவர்களுக்கும் சட்டத்தில் உரிமை உண்டு. அதனால் பறை அண்ணனோடும் உறுமிக்காரரோடும் பங்கு இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே ஏற்றினேன். வாய்ப்பேச்சோடு விடாதீர்கள்.

அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்ஸல் இருக்கட்டும். வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்பே ஏற்றிவிடுங்கள். உடனே பணம் வரும் என்று கணக்குப் போடவேண்டாம்: 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடினால்தான் காசு சேரும்.

கடைசியில் அந்த நான்கு பாட்டுக்கும் கட்டத்தில் 'பாரம்பரியம்' என்று போட்டு, கூடுதல் வரிகளுக்கு மட்டும் என் பெயரைச் சேர்த்தேன். இடம் கிடைத்த இடத்தில் இரண்டு ஊரின் பெயரையும் எழுதினேன்.

வெளியான அன்று சாயங்காலம் போனை எடுத்துக்கொண்டு அதே திண்ணைக்குப் போனேன். காக்கா வரியும் உள்ளே இருந்தது. காக்கா பாட்டி போனைக் காதோடு ஒட்டி முழுதாகக் கேட்டார். "எல்லாம் சரிடி, குலவைய எங்க?" என்றார். குலவை இல்லாமல் நடவு எப்படித் தொடங்கும்? அடுத்த பதிவு அதே குடோனில்தான். குலவை போட நாலு பாட்டிமார் வருகிறார்கள்; அவர்களுக்கும் பங்கு எழுதியாகிவிட்டது.