டோக்கன் வாங்குவதற்கு முன்

"நெஞ்சு கரிக்குது, கேஸ்தான். ஒரு ஊசி போட்டா சரியாயிரும்" என்று தெருமுனை கிளினிக்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை நினைத்தால்தான் கேஷுவாலிட்டியில் வேலை பார்க்கிற எங்களுக்குப் பதறும். கையில் 14ஆம் டோக்கன் இருக்கும். 9 பேர்தான் உள்ளே போயிருப்பார்கள். இவர் சட்டை நனைய வியர்த்தபடி முறைக்குக் காத்திருப்பார்.

ஈசிஜி எடுக்காமல் அது மாரடைப்பு இல்லை, கேஸ்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் ஈசிஜி நன்றாக இருந்தாலும் வலி நிற்கவில்லை என்றால் மறுபடி எடுத்தாக வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல், மூச்சு வாங்குவதும் வியர்ப்பதும் மட்டும் இருக்கலாம். அதனால் போகிற இடத்தில் ஈசிஜி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள், அல்லது 108ஐக் கூப்பிடுங்கள். பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்றால் தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையமும் கைகொடுக்கும். 2023இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 என 14 மாத்திரைகளை அங்கேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம், சிடி ஸ்கேன் இல்லாத வாசலில் நிற்கவே கூடாது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அந்தக் கணக்கு, அவர் கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து ஓடும். காலை 6 மணிக்கு எழுந்திருக்கும்போதே கை விளங்கவில்லை என்றால், இரவு 10 மணிக்குப் படுக்கப் போனதைத்தான் கணக்கில் எடுப்போம். வீட்டில் இருப்பவர்கள் அதைச் சொல்ல முடிந்தால் பெரிய உதவி. தண்ணீரோ பிரஷர் மாத்திரையோ வாயில் போடாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

சளி, காதுவலி, நீர்க்கடுப்பு, சுளுக்கு, புதிதாக வந்த காய்ச்சல், இதற்கெல்லாம் பக்கத்து கிளினிக்கே போதும், அங்கே போவதுதான் சரி. அரிவாள்மனையில் விரலை வெட்டிக்கொண்டாலும் அப்படித்தான். சுத்தத் துணியை வைத்து, நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல் 10 நிமிடம் அழுத்துங்கள். அப்புறமும் ரத்தம் நிற்காவிட்டாலோ, விரலை மடக்கி நீட்ட முடியாவிட்டாலோ, நுனி மரத்திருந்தாலோ அது தையலோடு முடிகிற காயம் இல்லை. தசைநாரோ நரம்போ அறுந்திருக்கலாம்.

காய்ச்சலில் இரண்டு இடம் ஏமாற்றும். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி வந்தாலே நேரே ஆஸ்பத்திரிதான். டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் விடும்போதுதான் வரும். "சூடு இல்லை, இனி பயமில்லை" என்று இருக்கும் நேரத்தில் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், துவண்டு கிடப்பது என்று தெரிந்தால் ராத்திரியானாலும் கிளம்புங்கள்.

நாய்க்கடியில் நாங்கள் அடிக்கடி காணும் தவறு ஒன்று: கிளினிக்கில் போடும் டிடி ஊசியையே நாய்க்கடி ஊசி என்று நம்பிவிடுவது. டிடி, ரணஜன்னிக்கு. வெறிநோய்க்கு வேறு தடுப்பூசி. அரசு ஆஸ்பத்திரியில் தோலுக்குள் போடும் முறையில் கடித்த அன்று தொடங்கி 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டுப் போங்கள். ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, வெறிநோய்க் கிருமியை உடனே எதிர்க்கும் மருந்தையும் போட வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று அன்றைக்கே கேளுங்கள்.

எலி பேஸ்ட் தின்றவர் முதல் நாள் நன்றாகவே நடமாடுவார். ஈரல் கெடுவது இரண்டு, மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். வாந்தி நின்றுவிட்டது என்று வீட்டில் வைத்துக்கொள்ளாமல், அந்த டியூபையும் எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள்.

தினசரி சாப்பிடும் மாத்திரை அட்டைகளும் பையில் இருக்கட்டும். தலையில் அடிபட்ட பெரியவர் "ஒண்ணுமில்லப்பா" என்று நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். ரத்தம் உறையாமலிருக்க அவர் மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை அட்டைதான் காட்டிக்கொடுக்கும். அதைப் பார்த்ததும், வெளியே கீறல் இல்லாவிட்டாலும் சிடி எடுக்க அனுப்புவோம்.