இரண்டு நிறுவனங்களுக்கு நடுவே ஓர் ஆவணம்

நான் பொறுப்பேற்றபோது எங்கள் வலையமைப்பில் தரவுக்கு வழிகாட்டும் ரவுட்டர்கள் அனைத்தும் ஒரே தயாரிப்பாளருடையவை. அவை தங்களுக்குள் வழிகளை அறிவித்துக்கொள்ள, அவற்றுக்கிடையே ஓடியது சிஸ்கோ உருவாக்கிய இஐஜிஆர்பி என்ற நெறிமுறை. அந்த நெறிமுறையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மாற்றுப் பாதை இருந்தால் அதை முன்கூட்டியே கணித்து வைத்திருப்பதால், ஓர் இணைப்பு அறுந்ததும் தரவுப் போக்குவரத்து தாமதமின்றி அதற்கு மாறிவிடும். வழிகளை எந்த ரவுட்டரிலும் சுருக்கி அறிவிக்கலாம். அதே வேலையைச் செய்யும் திறந்த தரநிலையான ஓஎஸ்பிஎஃப்பில் அதை, ஏரியாக்கள் என்று பிரிக்கப்படும் பகுதிகளின் எல்லையிலோ வெளி வழிகள் நுழையும் இடத்திலோ மட்டுமே செய்ய முடியும்.

வேறொரு தயாரிப்பாளரின் ரவுட்டர்கள் வந்து சேர்ந்த பிறகுதான் நிலைமை மாறியது. இஐஜிஆர்பியின் விவரங்கள் 2016இல் ஆர்எஃப்சி 7868 என்ற பொது இணைய ஆவணமாக வெளியாகியிருந்தாலும் அது தகவல் ஆவணம் மட்டுமே, தரநிலை அல்ல. புதிய ரவுட்டர்களுக்கோ ஓஎஸ்பிஎஃப்தான் தெரியும். ஆகவே பழைய ரவுட்டர்களில் இரண்டையும் சேர்த்தே ஓடவிட்டோம். எந்த நெறிமுறை சொல்லும் வழியை நம்புவது என்பதை ரவுட்டர் ஒரு நம்பக மதிப்பால் முடிவு செய்யும். அவற்றில் இஐஜிஆர்பியின் உள் வழிகளுக்கு அது 90, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110. சிறிய எண்ணுக்கே முன்னுரிமை என்பதால் ஓஎஸ்பிஎஃப் போக்குவரத்தைத் தொடாமல் பின்னணியில் காத்திருந்தது. எல்லா வழிகளும் அதிலும் வந்துவிட்டனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு, இஐஜிஆர்பியின் மதிப்பை 110க்கு மேல் உயர்த்தி, போக்குவரத்தை ஓஎஸ்பிஎஃப்புக்கு மாற்றினோம்.

சிக்கல் வேறிடத்தில் வந்தது. பழைய ரவுட்டருக்கும் புதியதற்கும் இடையிலான ஓஎஸ்பிஎஃப் அண்மை உறவு, வழித் தகவல் பரிமாற்றம் தொடங்கும் எக்ஸ்ஸ்டார்ட் நிலையிலேயே நின்றுவிட்டது. ஒரே பாக்கெட்டில் அனுப்பக்கூடிய அதிகபட்ச அளவான எம்டியுவை இரு பக்கமும் 1500 என்றே எழுதியிருந்தோம். ஆனால் ஒரு தயாரிப்பாளர் அந்த எண்ணில் ஈத்தர்நெட்டின் 14 பைட் தலைப்பையும் சேர்த்துக் கணக்கிடுகிறார், மற்றவர் சேர்ப்பதில்லை. ஆகவே ஒரு பக்கம் ஐபிக்குக் கிடைத்தது 1486 பைட்தான். தன்னால் ஏற்க முடிந்ததைவிடப் பெரிய எம்டியுவை அறிவிக்கும் தரவுத்தள விவரப் பாக்கெட்டை நிராகரிக்க வேண்டும் என்று 1998இல் வெளியான, ஓஎஸ்பிஎஃப்பை வரையறுக்கும் ஆர்எஃப்சி 2328 தெளிவாகச் சொல்கிறது. அந்தப் பத்தியை இரு தரப்பு ஆதரவுப் பொறியாளர்களுக்கும் அனுப்பிய பிறகு, யார் பக்கம் தவறு என்ற வாதம் நின்று, எந்த எண்ணை மாற்றுவது என்ற பேச்சு தொடங்கியது.

திறந்த தரநிலையை நான் மதிப்பது இதற்காகத்தான். அதை ஏற்றுக்கொண்டால் எல்லாம் தானாக இணைந்துவிடும் என்பது உண்மையல்ல. இணையாதபோது இரு தரப்பும் பதில் சொல்ல வேண்டிய ஓர் எழுத்து வடிவம் இருக்கிறது, அதை எவரும் படிக்கலாம். தனியுரிம நெறிமுறைகள் பல முந்திக்கொண்டு வந்தவை என்பதையும் மறுக்க முடியாது. அண்டைச் சாதனங்களை அடையாளம் காண சிஸ்கோவின் சிடிபி நெடுநாள் பயன்பட்ட பிறகே, 2005இல், அதே வேலைக்கான எல்எல்டிபி 802.1ஏபி என்ற திறந்த தரநிலையாயிற்று. காத்திருக்க முடியாதவர்கள் கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள், அது நியாயமே. தரநிலை வந்த பிறகும் பழக்கத்தால் பழையதிலேயே தங்கிவிடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது எங்கள் கொள்முதல் ஆவணத்தில் "தற்போதைய சாதனங்களுடன் இணக்கமாக இருக்க வேண்டும்" என்ற வரி இல்லை. 802.1கியூ, எல்ஏசிபி, விஆர்ஆர்பி, ஓஎஸ்பிஎஃப் எனத் தரநிலைகளின் பெயரையே எழுதுகிறோம். வாங்குமுன் வேறொரு தயாரிப்பாளரின் சாதனத்துடன் இணைத்துக் காட்டும்படியும் கேட்கிறோம்.