சுருதி இறங்குது, மிதி!

மதுரை ஆனையூர் அகதி முகாமில் எங்களுக்கு ஒதுக்கிய பத்துக்குப் பத்து அறைக்குள் நுழைந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி: "இஞ்ச கரண்ட் இருக்கோ?" தண்ணீர் எங்கே, கக்கூஸ் எங்கே என்று அம்மா பக்கத்து வீட்டில் விசாரித்துக்கொண்டிருந்தார். அப்பா சுவிட்சைத் தட்டினார். குண்டு பல்பு எரிந்தது. அணைத்தார். மறுபடி தட்டினார். "உனக்கு இனி வேலை இல்லையடா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

1996. எனக்குப் பதின்மூன்று வயது. அந்தச் சிரிப்பு எதற்கென்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

1990 ஜூனில் இலங்கையில் சண்டை மறுபடி தொடங்கியதும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எங்கள் மாவிட்டபுரத்து வீட்டை விட்டு ஓடி, இணுவிலில் சொந்தக்காரர் வீட்டில் ஐந்து வருஷம் இருந்தோம். குடாநாட்டில் மின்சாரம் கிடையாது. பேட்டரி வடக்குக்கு வரக் கூடாதென்று அரசாங்கம் தடை போட்டிருந்தது. அதனால் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்து, இரண்டு வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுப்பார்கள். அப்போது யாழ்ப்பாணத்தில் பல வீடுகளுக்கு அதுதான் பவர் ஹவுஸ்.

எங்களுடையது கேசட்டும் போடுகிற பெட்டி. இரவில் செய்தி முடிந்ததும் அப்பா மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் கேசட்டைப் போடுவார். ('தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜி வாயில் வைத்த நாயனத்துக்கு நிஜத்தில் ஊதியவர்கள் இவர்கள்தான்.) மிதிப்பது நான். கால் சலித்து வேகம் குறைந்தால் பெட்டிக்குள் மோட்டார் தளரும். ஆலாபனை கிணற்றுக்குள் வாளி இறங்குகிற மாதிரி இறங்கும். அப்பா கண்ணைத் திறக்காமலே சொல்வார்: "சுருதி இறங்குது, மிதி!"

ஷெல் சத்தம் கிட்ட வந்தால் அம்மா, "நிப்பாட்டுங்கோ, பங்கருக்குள்ள போவம்" என்று கத்துவார். அப்பா கேசட்டை உருவிக்கொண்டுதான் இறங்குவார். இசை எங்களைக் காப்பாற்றியது என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். காப்பாற்றியது பங்கர்தான். ஆனால் அந்த அரைமணி நேரம், அடுத்து எங்கே ஓடுவது என்று அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. கேசட்டில் வந்த ஒரு சங்கதியை அண்ணன் போட்டாரா தம்பி போட்டாரா என்று பக்கத்து வீட்டுப் பெரியப்பாவும் அப்பாவும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவும் நாயனக்காரர்தான். நாயனத்துக்கு உயிர், வாயில் வைத்து ஊதுகிற சீவாளி. காவிரிக்கரை நாணலில், திருவாவடுதுறைப் பக்கம் செய்வது. கடல் அடைபட்டதும் அது எங்களுக்கு வரவில்லை. மிஞ்சிய இரண்டில் ஒன்று விளிம்பு பிளந்துபோனது. மற்றதைத் தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்துக் கோயில் நாளுக்கென்று பத்திரப்படுத்திவிட்டார். மற்ற நாட்களில் சீவாளி இல்லாத வெறும் உலவை, அதாவது நாயனத்தின் மரக்குழலை, மடியில் சாய்த்து, ஏழு துளையிலும் விரலை ஓட விடுவார். சத்தமே வராது. தொண்டைக்குள் மட்டும் ஒரு முனகல். வாசல் படியில் உட்கார்ந்து அப்படி ஒரு மணி நேரம் வாசிப்பார்.

1995 அக்டோபர் 30, எங்கள் பகுதியான வலிகாமம் முழுக்க ஒரே இரவில் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தது. நல்ல மழை. சைக்கிள் கேரியரில் அப்பாச்சி, ஹேண்டிலில் சாரத்தில் சுற்றி யூரியாப் பைக்குள் போட்ட நாயனம். பிறகு வன்னி, மன்னார். கடல் கடக்க வள்ளக் காசுக்கு அந்தச் சைக்கிளும் போனது. ஆளுக்கு ஒரு பைதான் என்று ஓட்டி சொல்லிவிட்டார். அப்பா துணிப்பையைக் கரையில் வைத்துவிட்டு நாயனத்தை எடுத்தார், கேசட் சட்டைப்பையில். அந்தத் துணிப்பையில்தான் அம்மாவின் கூறைச்சேலை இருந்தது. அம்மாவுக்கு இன்றுவரை அந்தக் கோபம் ஆறவில்லை. வயதாக வயதாக, நியாயம் அம்மா பக்கம்தான் என்று எனக்குப் படுகிறது.

தனுஷ்கோடிக்கு முன்னால் மணல் திட்டில் இறக்கிவிட்டார்கள். பிறகு மண்டபம் முகாம், அங்கிருந்து மதுரை.

அப்பாவுக்கு மதுரை என்றால் அந்தக் கேசட். மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போன முதல் நாள் அவர் கோபுரத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை. மேளம் எந்தப் பக்கம் கேட்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு சுற்றினார். திரும்பும்போது ஒரு கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் சீவாளி கட்டுக் கட்டாகக் கிடந்தது. அப்பாவின் பேச்சைக் கேட்ட கடைக்காரர், "எந்த ஊருண்ணே, மலையாளமா?" என்றார். (மதுரைக்கு வந்த எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் இந்தக் கேள்வி விழுந்திருக்கும்.) ஒன்றை எடுத்து வாயில் ஊறவைத்து, விரலால் விளிம்பை அழுத்தி ஊதிப் பார்த்தார். 'பீ' என்றது. ஐந்து வருஷத்துக்குப் பிறகு புதுச் சீவாளி. அப்பா கண் கலங்கினார் என்று எழுத ஆசைதான். கலங்கவில்லை, விலை பேசினார். முதல் உதவிப் பணத்தில் இரண்டு சீவாளி வாங்கிக்கொண்டு வந்து, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சீவாளி கிடைத்தும் வாசிக்க வழியில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குள் முகாமுக்குத் திரும்ப வேண்டும். கல்யாண மேளத்துக்கு முதல் நாள் இரவே மண்டபத்தில் இருக்க வேண்டும். எப்படி ஒத்துவரும்? ஒரு மண்டபத்தில், "அகதி ஆளுங்க வேணாம்ப்பா, பெறகு போலீசு வந்து நிக்கும்" என்று நேராகவே சொல்லி அனுப்பினார்கள். முகாமில் பாதிப் பேர் மாதிரி அப்பாவும் பெயிண்ட் வேலைக்குப் போனார், கொஞ்ச காலத்தில் நானும். வேலை முடிந்து வந்து டர்பன்டைனில் விரலைத் தேய்த்துக் கழுவி, முகர்ந்து பார்ப்பார். வாசம் போகவில்லை என்றால் அன்றைக்கு நாயனத்தைத் தொடமாட்டார்.

இரண்டு வருஷம் கழித்து, பக்கத்து ஊர் முளைப்பாரித் திருவிழாவுக்கு ஒரு மேள செட்டுக்காரர் முகாமுக்கே தேடி வந்தார். "அண்ணே, ரெண்டாம் நாயனத்துக்கு ஆளு வரல. பகல் வாசிப்புதான், வர்றீங்களா?" ஊர்வலம் முடிந்து டீ குடிக்கும்போது, "எங்கண்ணே பாடம்?" என்று கேட்டார்.

"இணுவில்."

"தவில் தட்சணாமூர்த்தி ஊரா?"

அப்பா தலையாட்டினார். அந்த மனிதர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். இலங்கை என்றதும் சண்டையைப் பற்றிக் கேட்காத முதல் மதுரைக்காரர் அவர்தான். அதற்குப் பிறகு பகல் வாசிப்பு எது வந்தாலும் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார்.

2012-இல் தமிழ்நாட்டில் மின்வெட்டு வந்ததே, ஞாபகம் இருக்கும். எங்களுக்கு ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்ட் கிடையாது. புழுக்கத்தில் முகாமே வாசலில் பாய் போட்டுக் கிடந்த ஒரு ராத்திரி, அப்பா திடீரென்று, "ஆரிட்டயாவது டைனமோ வச்ச சைக்கிள் கிடக்கோ?" என்றார். ஒரு பழைய சைக்கிள் கிடைத்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்த பெட்டி, நாடாவில் இரண்டு இடம் ஒட்டுப்போட்ட அதே கேசட். வயரை இழுத்துக் கொடுத்துவிட்டு நான் சீட்டில் ஏறப் போனால், என் மகள் முந்திக்கொண்டாள். மதுரையில் பிறந்தவள், ஐந்து வயது, கால் எட்டாது. கீழே குத்த வைத்துப் பெடலைக் கையால் சுற்ற ஆரம்பித்தாள். பெட்டி இரண்டு தடவை முக்கியது. பிறகு நாயனம் எழும்பியது, கொஞ்ச நேரத்தில் சரியத் தொடங்கியது.

இருட்டுக்குள் அப்பாவின் குரல்: "சுருதி இறங்குது, மிதி!"

"மிதிக்கலயே தாத்தா, கையாலதான சுத்துறேன்."