பாரீஸ் டிஸ்னியின் இரண்டாவது பூங்காவுக்கு மட்டும் போகலாமா?

காரைக்காலில் பிரெஞ்சு டியூஷன் எடுக்கிறவள் நான். கோடை விடுமுறை நெருங்கினால் இலக்கணச் சந்தேகங்களை விட வேறொரு கேள்விதான் என்னிடம் அதிகம் வரும். பிரான்சில் இருக்கிற சித்தப்பாவோ அக்காவோ கூப்பிட்டிருப்பார்கள், விசா கைக்கு வந்திருக்கும், பிள்ளைகள் டிஸ்னிலாண்ட் டிஸ்னிலாண்ட் என்று குதித்துக்கொண்டிருக்கும். "டீச்சர், அங்க ரெண்டு பார்க் இருக்காமே. ஒண்ணு போதுமா, ரெண்டுக்கும் வாங்கணுமா?"

கேட்பவர்கள் நெடுங்காட்டிலிருந்தும் டி.ஆர். பட்டினத்திலிருந்தும் வருகிற சாதாரணக் குடும்பங்கள். நாலு பேருக்கு யூரோவில் டிக்கெட் போட்டு ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் வயிறு கலங்கும். பலருக்கு அந்தப் பயணம் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். அதனால் அவசரமாக ஏதோ ஒரு பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

முதல் பூங்கா அங்கே இல்லவே இல்லை, இரண்டாவது ஒன்றுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக மட்டும் ரயில் ஏறிப் போய் காலையிலிருந்து இரவு வரை இருப்பீர்களா? இப்படித்தான் இதை யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நான் பார்த்த காலத்துப் பாரீஸ் இரண்டாவது பூங்காவுக்கு என் பதில், போகமாட்டேன் என்பதே. இத்தனைக்கும் அந்த இடம் எனக்குப் பிடித்த இடம்.

என் அண்ணன் குடும்பம் பாரீஸ் புறநகரான சார்செலில் இருக்கிறது. அங்கிருந்து ஆர்.இ.ஆர். என்கிற புறநகர் ரயிலின் டி லைனில் ஷாத்லே ஸ்டேஷன் வந்து ஏ லைனுக்கு மாற வேண்டும். ஏ லைன் வான்சென் தாண்டி இரண்டாகப் பிரியும். புவாஸி சேன் லெஜே போகிற வண்டியில் ஏறிவிடாதீர்கள்; மார்ன் லா வலே ஷெஸ்ஸி என்று போட்டிருப்பதில் ஏறினால் கடைசி ஸ்டேஷனில் இறங்கிக்கொள்ளலாம். வெளியே வந்தால் இரண்டு பூங்காக்களின் வாசலும் சில நிமிட நடைதான். இந்த நெருக்கம் இரண்டாவது பூங்காவுக்கு நல்லதே செய்யவில்லை. கொஞ்சம் அலுத்தால் போதும், கால் தானாகப் பக்கத்து வாசலுக்குப் போய்விடுகிறது.

1992 ஏப்ரல் 12-இல் திறந்த முதல் பூங்காவில் எல்லாம் யோசித்துச் செய்திருக்கிறார்கள். பாரீஸ் பக்கம் நாள் முழுக்கத் தூறும் என்பதால், கடைத்தெருவின் இரண்டு பக்கமும் கடைகளுக்குப் பின்னால் கூரை போட்ட நடைபாதை உண்டு. கோட்டைக்கு அடியில் குகை, அதில் சங்கிலி கட்டிய டிராகன் உறுமிக்கொண்டு கிடக்கும். முட்டிவலிக்காரரான என் அம்மா ஒரு ராட்டினத்திலும் ஏறாமல், டிராகனைப் பார்த்து, நீராவிப் படகில் ஏரியைச் சுற்றி, பெஞ்சில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைப் பார்த்தே முழு நாளையும் சந்தோஷமாகக் கழித்தார்.

இரண்டாவது பூங்காவுக்கு அப்போது வால்ட் டிஸ்னி ஸ்டூடியோஸ் என்று பெயர். எலிக் கண்ணால் சமையலறையைப் பார்க்கிற 'ரத்ததூயி' சவாரி வந்துவிட்ட பிறகு போனோம். அந்தச் சவாரி 2014-இல் வந்தது. அண்ணன் பிள்ளைகளை இறக்கவே முடியவில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது. கடலாமைச் சுழல் ரயிலுக்கு வரிசை நின்று முடிப்பதற்குள் பாதிக் காலை போனது. மதியச் சாப்பாடு முடிந்ததும் அம்மா "அடுத்து எங்க?" என்று கேட்டார். அண்ணியிடம் பதில் இல்லை. சுற்றிலும் தார் போட்ட வெளி, ஸ்டூடியோ கொட்டகை மாதிரிக் கட்டடங்கள், நிழலுக்கு ஒதுங்க இடம் கம்மி. சாயங்காலம் முதல் பூங்காவுக்கு முன்னதாகவே இதை மூடிவிட்டார்கள். வாணவேடிக்கையும் கோட்டை விளக்குகளும் அந்தப் பக்கம்தான்.

இது ஏன் இப்படி ஆனது என்று பார்த்தால் 1987-க்குப் போக வேண்டும். அந்த வருஷம் மார்ச்சில் பிரெஞ்சு அரசும் டிஸ்னியும் ஒப்பந்தம் போட்டன. ஏறக்குறைய 1,940 ஹெக்டேர் நிலம், பாரீஸ் நகரப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. நிலத்தை மேம்படுத்தும் உரிமையோடு அடுத்தடுத்துக் கட்ட வேண்டியவையும் அதில் இருந்தன, இரண்டாவது பூங்கா உட்பட. தொண்ணூறுகளின் நடுவில் அது வந்திருக்க வேண்டும். ஆனால் முதல் பூங்காவே நஷ்டத்தில் ஓடி 1994-இல் கடனை மாற்றியமைக்கும் நிலைக்கு வந்ததால் திட்டம் கிடப்பில் போனது. கடைசியில் 2002 மார்ச் 16-இல் திறந்தபோது, கட்டியாக வேண்டும் என்பதற்காகச் சிக்கனமாகக் கட்டிய பூங்காவாகத்தான் அது வந்தது. விரல் விட்டு எண்ணக்கூடிய சவாரிகள், சில காட்சி அரங்குகள், அவ்வளவே.

அதே காலத்தில் டிஸ்னி பெயரில் இன்னும் இரண்டு இரண்டாவது பூங்காக்கள் திறந்தன. கலிஃபோர்னியாவில் 2001 பிப்ரவரியில், டோக்கியோவில் 2001 செப்டம்பரில். பெயர் ஒன்று, காலம் ஒன்று, ஆனால் மூன்றும் மூன்று விதம்.

டோக்கியோவில் பணம் போட்டது ஓரியண்டல் லாண்ட் என்கிற ஜப்பானிய நிறுவனம். டிஸ்னிக்கு உரிமைத்தொகை கொடுத்து நடத்துகிறவர்கள் அவர்கள். செலவில் கை சுருக்கவில்லை. கடலையே கருவாக எடுத்துக்கொண்டு துறைமுகம் துறைமுகமாகக் கட்டினார்கள். நடுவில் எரிமலை, ஒரு பக்கம் பெரிய நீராவிக் கப்பல், பூங்காவுக்குள்ளேயே துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு ஹோட்டல். டிஸ்னி சீ என்கிற அந்த இடத்தில் கோட்டையைத் தேடி யாரும் ஏங்குவதில்லை. தீம் பார்க் வருகைக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுகிற டி.இ.ஏ. அமைப்பின் மதிப்பீட்டில், 2019-இல் டோக்கியோ முதல் பூங்காவுக்கு ஏறத்தாழ 1 கோடியே 79 லட்சம் வருகைகள், டிஸ்னி சீக்கு 1 கோடியே 46 லட்சம். பாரீஸில் அதே வருஷம் 97 லட்சமும் 52 லட்சமும். அங்கே இரண்டாவதின் கணக்கு முதலாவதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான்.

நம் பக்கத்து ஆளுக்கு இதைச் சொல்ல நான் தாராசுரத்தைத்தான் காட்டுவேன். தஞ்சைப் பெரிய கோயில் கட்டி நூற்றைம்பது வருஷம் போல ஆன பிறகு இரண்டாம் ராஜராஜன் எழுப்பியது. தஞ்சை விமானத்தின் உயரத்தோடு அது போட்டி போடவே இல்லை. குதிரை பூட்டிய தேர் போன்ற மண்டபம், தட்டினால் ஒலிக்கிற படிகள், சாண் அளவுக் கல்லில் நாயன்மார் கதைகள் என்று அது தன் வழியில் போனது. தஞ்சையைப் பார்த்தவரும் தாராசுரம் போகிறார், பார்க்காதவரும் போகிறார். டிஸ்னி சீ அந்த வகை. பாரீஸ் இரண்டாவது பூங்காவுக்கு அப்படித் தனி வழி ஒன்று பிடிபடவே இல்லை.

கலிஃபோர்னியா கதையில் நம்பிக்கை உண்டு. டிஸ்னிலாண்டின் கார் நிறுத்துமிடத்தில் கட்டிய அந்தப் பூங்காவின் கருவே கலிஃபோர்னியாதான். கலிஃபோர்னியாவிலேயே இருக்கிறவர்களுக்கு அதைச் சுற்றிக் காட்டி என்ன பயன்? மக்கள் எட்டிப் பார்த்துவிட்டு எதிர் வாசலுக்குத் திரும்பினார்கள். 2007-இல் 110 கோடி டாலரில் திருத்தி அமைக்கும் திட்டத்தை அறிவித்து, 2012 ஜூனில் முடித்தார்கள். அப்போது வந்த கார்ஸ் லாண்ட் பகுதியில் சவாரி மட்டும் இல்லை. செம்மண் நிறப் பாறை மலைத்தொடரும், இருட்டியதும் நியான் விளக்கு எரிகிற ஒரு தெருவும் இருக்கின்றன. சவாரி ஏறாதவரும் அந்தத் தெருவில் நின்று பார்க்கலாம். 2019-இல் அங்கே 98 லட்சம் வருகைகள்.

பாரீஸில் நெடுநாள் இந்த விஷயம் பிடிபடவில்லை. 2007-இல் பயங்கரக் கோபுரம், 2010-இல் பொம்மை உலகம், 2014-இல் ரத்ததூயி, 2022-இல் அவெஞ்சர்ஸ் என்று சவாரிகளைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே பரவாயில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கிற வழி மட்டும் வெறும் வழியாகவே இருந்தது. என் அம்மா மாதிரி ஆட்களுக்கு அந்த வழிதான் பூங்காவே.

2018-இல் 200 கோடி யூரோ போடுவதாகச் சொன்னது வேறு மாதிரியான வேலை. நடுவில் பெரிய ஏரி, அதை நோக்கிப் போகும் தோட்டம், கரையில் ஃப்ரோஸன் கதையின் அரண்டெல் ஊர், உள்ளே படகுச் சவாரி, இரவில் ஏரி மேல் ஒரு காட்சி. டிஸ்னி அட்வென்ச்சர் வேர்ல்டு என்று பெயரையும் மாற்றி, 2026 மார்ச் 29-ஐ அதற்கான நாளாக அறிவித்தார்கள். இத்தனையில் என்னை நிமிர வைத்தது ஏரியும் இரவுக் காட்சியும்தான். உட்கார ஒரு கரை, இருட்டிய பிறகும் இருக்க ஒரு காரணம்: இரண்டும் இத்தனை வருஷம் அங்கே இல்லாதவை.

ஒரு விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. சினிமாவைக் கருவாக வைத்தது தப்பே இல்லை. லூமியேர் சகோதரர்கள் 1895-இல் பாரீஸில் டிக்கெட் போட்டுப் படம் காட்டிய நாடு அது; பூங்கா வாசலைத் தாண்டியதும் இருந்த முற்றத்துக்கே அவர்கள் பெயர்தான். அங்கே சினேமஜிக் என்று ஒரு காட்சி நடந்தது. அரங்கில் உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கு போன் அடிக்கும், எழுந்து பேசிக்கொண்டே போவார், கொஞ்ச நேரத்தில் திரைக்குள் விழுந்து பழைய படம் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு ஓடுவார். பிரெஞ்சும் தெரியாத, இங்கிலீஷும் தெரியாத அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த மாதிரி பத்து இருந்திருந்தால் இன்று நான் எழுதுவதே வேறாக இருந்திருக்கும். 2017-இல் அதை நிறுத்திவிட்டார்கள். செலவு செய்து வளர்த்திருந்தால் தனக்கென்று முகம் கொண்ட ஒரு பூங்காவை அந்தச் சினிமாவே கொடுத்திருக்கும். இப்போது அரண்டெல், அவெஞ்சர்ஸ், அடுத்து சிங்க ராஜா என்று தனித்தனித் தீவுகளாக வருகின்றன. அவற்றை அந்த ஏரி ஒன்றாகக் கட்டிவிட்டால் பூங்கா நிற்கும்.

சரி, டிக்கெட் விஷயம். கையில் ஒரே நாள்தான், பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் முதல் பூங்கா மட்டும் போங்கள். ஒரே நாளில் இரண்டையும் பார்க்கிற டிக்கெட் சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம், வரிசையிலும் நடையிலும் நாள் போய்விடும். இரண்டு நாள் இருந்து, பிள்ளைகள் பத்து வயசு தாண்டியிருந்தால் இரண்டாவதுக்குத் தனி நாள் கொடுக்கலாம். ஃப்ரோஸன் பைத்தியமான பெண்பிள்ளை வீட்டில் இருந்தால் வயசுக் கணக்கு பார்க்க வேண்டாம்.

அடுத்த முறை போகும்போது இரண்டாவது பூங்காவுக்கு மட்டும் டிக்கெட் போடச் சொல்லி அண்ணனிடம் கேட்டிருக்கிறேன், அம்மாவுக்கும் சேர்த்து. காலையில் திறப்பதிலிருந்து ஏரிக் காட்சி முடியும் வரை அங்கேயே. கொஞ்சம் காசு கூடப் போட்டால் இரண்டையும் பார்த்துவிடலாமே என்கிறார் அண்ணி. மூணு மணிக்கு அலுத்தால் பக்கத்து வாசலுக்குப் போய்விடலாம் என்கிற வழி கையில் இருந்தால் எனக்கு விடை கிடைக்காது அண்ணி என்று சொல்லிவிட்டேன்.