கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு கேபிள்

பிரவுசரில் ஓடும் பாட்டை ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்குள் கொண்டுவர, ஹெட்போன் ஓட்டையிலிருந்து மைக் ஓட்டைக்கு ஒயர் இழுக்காதீங்க. இரைச்சலும் சேர்ந்து வரும்.

மேக்கில் பிளாக்ஹோல் போதும்; ஒரு ஆப்பின் சத்தத்தை இன்னொரு ஆப்புக்குக் கொண்டுபோகும் சாஃப்ட்வேர் இது. இலவசம், 2 சேனல் பதிப்பே வீட்டு ஸ்டுடியோவுக்குத் தாராளம். சிஸ்டம் அவுட்புட்டை அதற்கு மாற்றியதும் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். பயப்படாதீங்க, சத்தம் முழுக்க பிளாக்ஹோலுக்குப் போகுது, அவ்வளவுதான். சத்தம் உங்களுக்கும் கேட்கணும்னா, மேக்கிலேயே இருக்கும் ஆடியோ மிடி செட்டப் ஆப்பைத் திறந்து, கீழே இடது மூலையில் பிளஸ்ஸை அழுத்தி, ஒரே சத்தத்தை இரண்டு இடத்துக்கும் அனுப்பும் மல்டி-அவுட்புட் டிவைஸ் உருவாக்கி, சிஸ்டம் அவுட்புட்டை இதற்கு மாற்றுங்க. அதில் பிளாக்ஹோல், உங்க ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக், ஸ்பீக்கரை கம்ப்யூட்டருடன் இணைக்கும் பெட்டி) இரண்டையும் டிக் பண்ணுங்க. பிரைமரி, அதாவது முதன்மை சாதனம், இன்டர்ஃபேஸாகவே இருக்கட்டும். டிரிஃப்ட் கரெக்‌ஷன் பிளாக்ஹோலுக்கு மட்டும். இதைப் போடாமல் விட்டால் இரண்டின் உள் கடிகாரங்களும் மெல்ல விலகி, நடுநடுவே 'டிக்... டிக்...' என்று வெட்டும். கீபோர்டு வால்யூம் பட்டன் இதில் வேலை செய்யாது, இன்டர்ஃபேஸ் குமிழைத்தான் திருகணும்.

விண்டோஸா? பிளாக்ஹோல் மாதிரியே வேலை செய்யும் விபி-கேபிள் போடுங்க. மைக்கையும் பாட்டையும் கலந்து அனுப்பணும்னா மட்டும் வாய்ஸ்மீட்டர் என்ற மிக்ஸர் சாஃப்ட்வேர்.

எதுவானாலும் சாம்பிள் ரேட்டை (சத்தத்தை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்ற எண்) எல்லா இடத்திலும் ஒன்றாக வைங்க. ஓரிடத்தில் 44.1, இன்னோரிடத்தில் 48 கிலோஹெர்ட்ஸ் இருந்தால் கரகரப்பு வர வாய்ப்பு அதிகம். ரெக்கார்டிங் சாஃப்ட்வேரின் அவுட்புட் நேராக இன்டர்ஃபேஸுக்கே போகட்டும். மானிட்டரிங் (உள்ளே வரும் சத்தத்தை உடனே அவுட்புட்டில் கேட்கும் வசதி) ஆனில் இருக்கும்போது அதையும் பிளாக்ஹோலுக்குத் திருப்பினால் சத்தம் சுற்றிச் சுற்றி வந்து ஊளையிடும்.